பழைய கணினியில் காசு: பிரித்து விற்கலாம், எரித்து விற்காதீர்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகள் அலுவலகங்களிலும் டியூஷன் மையங்களிலும் வீடுகளிலும் மூலைக்குப் போகத் தொடங்கின. ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்துப் பழைய தோட்டப்புறங்களிலும் கிடைத்த பழைய சாமானை விற்றுக் கைச்செலவைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது ஒரு வாய்ப்பு. ஆனால் அப்படியே தூக்கி எடைக்குப் போட்டால் இரும்பு விலைதான் கிடைக்கும்.

பால்வெட்டு வேலை செய்த குடும்பங்களுக்கு இது புரியாத கணக்கல்ல. மண்ணும் பட்டையும் கலந்த ஒட்டுப்பாலுக்கு ஒரு விலை, சுத்தமாகச் சேர்த்ததற்கு வேறு விலை. கணினியும் அப்படித்தான்.

முதலில் எது இன்னும் வேலை செய்கிறது என்று பாருங்கள். ரேம், பிராசஸர், எஸ்.எஸ்.டி., மடிக்கணினியின் திரை, சார்ஜர் ஆகியவை நல்ல நிலையில் இருந்தால் எடைக்குப் போடவே கூடாது. பழுதுபார்க்கும் கடைகள் அவற்றை உதிரிபாகமாக வாங்கும். 2025 இறுதியில் உலகளவில் மெமரி விலை ஏறியதால் பழைய ரேமுக்கும் கேள்வி கூடியது. ஓரத்தைப் பிடித்து எடுங்கள். தங்கநிறப் பற்களில் விரல் படவேண்டாம். முழுக் கணினியே ஓடினால் இன்னும் நல்லது. லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் பள்ளிப் பிள்ளைக்குக் கட்டுரை எழுத அது போதும்.

மிச்சத்தைத்தான் எடைக்குப் பிரிக்க வேண்டும். இரும்புப் பெட்டி, அலுமினிய ஹீட்சிங்க், செம்புக் கம்பி, மதர்போர்டு என்று தனித்தனியாக வையுங்கள். போர்டை உடைக்காமல் முழுதாகக் கொடுங்கள். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். உப்பிய மடிக்கணினி பேட்டரியைக் குத்தவோ நசுக்கவோ வேண்டாம், தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள்.

தவறு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று, கேபிளை எரிப்பது. பின்வாசலில் ஒரு தகர டின்னில் போட்டுக் கொளுத்தினால் அரைமணி நேரத்தில் செம்பு வந்துவிடுகிறது. கூடவே, பிவிசி உறையிலிருந்து டையாக்சின் என்னும் நஞ்சும் வருகிறது. அது புகையோடு போய்விடுவதில்லை. மண்ணில் படிந்து, கோழி முட்டை வழியாக வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். திறந்தவெளி எரிப்பு 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி குற்றம். இத்தனைக்கும் எரித்துக் கருத்த செம்பைவிடக் கத்தியால் உரித்த பளபளப்பான செம்புக்கே விலை அதிகம்.

இரண்டாவது தங்க ஆசை. அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் எடுக்கும் காணொளிகள் யூடியூபில் நிறைய உண்டு. ஒரு மதர்போர்டில் இருக்கும் தங்கம் ஒரு கிராமில் சிறு பங்குதான். நைட்ரிக் அமிலத்திலிருந்து எழும் பழுப்புநிறப் புகையைச் சுவாசித்தவர் அப்போதைக்கு நன்றாக இருப்பதுபோல் தெரிவார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மீந்த அமிலம் கால்வாயில்தான் போய்ச் சேரும். தங்கத்தை வசதியும் உரிமமும் உள்ள ஆலைகளுக்கு விட்டுவிடுங்கள்.

பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டரையும் உடைக்க வேண்டாம். அந்தக் கண்ணாடியில் காரீயம் உண்டு. அதன் திரையில் சிவப்பு நிறம் தந்த இட்ரியம் என்ற தனிமத்துக்கும் ஈப்போவுக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. புக்கிட் மேராவில் 1982-இல் இயங்கத் தொடங்கிய ஏஷியன் ரேர் எர்த் ஆலை, ஈயலம்பக் கழிவு மணலிலிருந்து கிடைத்த மோனசைட்டைப் பதப்படுத்தி அரிய மண் தனிமங்களை எடுத்தது. கதிரியக்கத் தோரியக் கழிவை எதிர்த்து 1985-இல் குடியிருப்பாளர்கள் எட்டுப் பேர் வழக்குத் தொடுத்தனர். 1992 ஜூலை 11-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் 1994 ஜனவரியில் நிறுவனமே ஆலையை மூடிக்கொண்டது. கழிவை அப்புறப்படுத்தும் வேலை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது.

சட்டம் எங்கே குறுக்கே வருகிறது? உங்கள் வீட்டுக் கணினியை விற்பதில் சிக்கல் இல்லை. வாங்கிக் குவித்து விற்பது தொழிலாகும்போது கதை மாறுகிறது. பழைய பொருள் வாங்கி விற்பவருக்கு 1946-ஆம் ஆண்டு பழைய பொருள் வணிகர் சட்டப்படி காவல்துறை உரிமம் தேவை. காரீயம், பாதரசம் போன்றவை கலந்த மின்னணுக் கழிவு, 2005-ஆம் ஆண்டு விதிகளின்கீழ் 'எஸ்டபிள்யூ 110' என்ற குறியீடு கொண்ட அட்டவணைக் கழிவு. அதைப் பதப்படுத்த சுற்றுச்சூழல் துறையின் உரிமம் வேண்டும். கண்ட இடத்தில் கொட்டினால், 2024-இல் திருத்தப்பட்ட சட்டப்படி அபராதம் 1 கோடி வெள்ளி வரை போகலாம். எது யாருடையது என்று தெரியாத செம்புக் கேபிளைத் தொடவே வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் குற்றவியல் சட்டத்தின் 411-ஆம் பிரிவில் வரும். கடைக்காரர் மைகார்ட் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். கேட்காத கடையைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

கடைசியாக ஹார்ட் டிஸ்க். கோப்புகளை அழித்துக் குப்பைத்தொட்டியைக் காலி செய்தால் போதாது. எளிய மென்பொருளே அவற்றை மீட்டுவிடும். வங்கி விவரம், அடையாள அட்டைப் படம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் அதில் இருக்கும். வட்டு முழுவதும் ஒருமுறை வேறு தரவை எழுதிவிட்டு விற்கலாம். அது ஓடவில்லை என்றால் கழற்றித் துளை போடுங்கள். உள்ளே இருக்கும் காந்தம் பலமானது, விரலை நசுக்கிவிடும். குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். விலைபோகாத பேட்டரியையும் மானிட்டரையும் எங்கே ஒப்படைப்பது என்று சுற்றுச்சூழல் துறையின் பேராக் மாநில அலுவலகத்தில் கேட்கலாம். உரிமம் பெற்ற சேகரிப்பாளர்களின் விவரம் அவர்களிடம் உண்டு.