மாரிக்கு உள்ளே, கச்சானுக்கு வெளியே: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் உள்ளகச் சைக்கிள் பயிற்சியும் திட்டத்திலிருந்து விலகலும்

தொழில்சாராச் சைக்கிளோட்டிகள் பயிற்சித் திட்டத்தை இறுதிவரை பின்பற்றுவதில்லை என்பது பயிற்றுநர்கள் எல்லோரும் அறிந்த விடயம். ஏன் என்று கேட்டால் மனவுறுதி போதாது, ஒழுங்கு இல்லை, சோம்பல் என்பார்கள். மட்டக்களப்பு வாவியை அண்டி வாழும் சைக்கிளோட்டியைப் பொறுத்தவரை இந்த விடை பெரும்பாலும் தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். அவர் கைத்தொலைபேசியில் வாங்கும் பன்னிரண்டு வாரத் திட்டம் வட அமெரிக்க, ஐரோப்பியக் குளிர்காலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே அறை குளிர்ந்திருக்கிறது, மின்சாரம் தடைப்படாது, மாலை நேரம் முழுவதும் ஓட்டியின் சொந்த நேரம் என்று அது எடுத்துக்கொள்கிறது. கல்லடியிலோ காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ இந்த எடுகோள்களுள் ஒன்றுகூட ஆண்டு முழுவதும் செல்லாது.

திட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். பயிற்சியைக் காலகட்டங்களாகப் பிரித்துச் சுமையை ஏற்றி இறக்கும் முறையை 1960களில் சோவியத் ஆய்வாளர் லெவ் மத்வேயெவ் ஒழுங்குபடுத்தினார். சைக்கிளின் வலுவை வாற்றில் அளக்கும் கருவிகள் பரவியபின், ஹண்டர் அலன், அன்ட்ரூ கோகன் ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட நூல் அந்த அளவீட்டைச் சாதாரண ஓட்டியின் கைக்கும் கொண்டுவந்தது. இருபது நிமிடம் முழு மூச்சாக உழக்கி, கிடைக்கும் சராசரி வலுவில் 95 வீதத்தை எடுத்தால் அது ஓட்டியின் எல்லை வலு. அந்த ஓர் எண்ணின் வீதங்களாகவே மற்றெல்லாப் பயிற்சிகளும் எழுதப்படுகின்றன. 56 முதல் 75 வீதம் வரை நீண்டநேரம் தாங்கும் இலகு ஓட்டம். 76 முதல் 90 வரை நடுத்தரக் கடினம். 91 முதல் 105 வரை எல்லைப் பயிற்சி. 2010களில் வந்த டிரெய்னர்ரோட், ஸ்விஃப்ட் போன்ற செயலிகள் இந்த எண்ணை நேரடியாகப் பயிற்சி இயந்திரத்துக்கே அனுப்புகின்றன. ஓட்டி எத்தனை வாற்று உழக்கவேண்டும் என்பதை இயந்திரமே தீர்மானித்து, எதிர்ப்பைக் கூட்டியும் குறைத்தும் அவரை அந்த எண்ணில் கட்டி வைக்கிறது.

முதல் சிக்கல் இங்கேதான். அந்த எண் மனிதருக்கு மட்டும் உரியதன்று, அளந்த அறைக்கும் உரியது. ஒஸ்திரேலியத் தேசிய அணியின் தெருவோட்ட வீரர்களை வைத்து டாட்டர்சனும் சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முப்பது நிமிட நேர ஓட்டத்தின் சராசரி வலு 23 பாகை செல்சியஸில் இருந்ததைவிட 32 பாகையில் 6.5 வீதம் குறைந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர் கலோவேயும் மோனும் நடத்திய பரிசோதனை இன்னும் அழுத்தமானது. ஒரே கடினத்தில் களைத்துப்போகும்வரை சைக்கிள் உழக்கியவர்கள் 11 பாகையில் சராசரியாக 93.5 நிமிடம் தாங்கினார்கள். 31 பாகையில் 51.6 நிமிடம்தான். மட்டக்களப்பில் ஆனி, ஆடி மாதங்களில் பகல் உச்சம் 33 பாகையைத் தாண்டும். சுவர்கள் பகல் முழுவதும் உறிஞ்சிய வெப்பம் மாலையில் அறைக்குள் இறங்கும் நேரத்தில்தான் உத்தியோகத்தர் வேலை முடிந்து வந்து சைக்கிளில் ஏறுகிறார்.

கணக்கை ஒருமுறை முழுமையாகப் போட்டுப் பார்க்கவேண்டும், ஏனென்றால் விலகல் பற்றிய விவாதம் முழுவதும் இதில்தான் தங்கியிருக்கிறது. ஒருவர் தை மாதத்தில், மழைக்குப் பிந்திய குளிர்ந்த விடியலில் பரிசோதித்து 200 வாற்று எடுக்கிறார் என்று வைப்போம். அவருடைய எல்லை வலு 190. இலகு ஓட்டத்தின் மேல் விளிம்பு அதில் 75 வீதம், அதாவது 142 வாற்று. வைகாசியில் மூடிய அறைக்குள் அவருடைய உண்மையான எல்லை 6.5 வீதம் இறங்கினால் 178க்கு வரும். இப்போது அதே 142 வாற்று அந்த எல்லையில் 80 வீதம். இலகு என்று எழுதிய நாள் நடுத்தரக் கடினமாகிவிட்டது. ஓட்டி ஒரு வாற்றுகூடக் கூட்டவில்லை, ஒரு நிமிடமும் தவறவில்லை; செயலி அன்றைய பயிற்சிக்குப் பச்சை அடையாளம் இடுகிறது. திட்டத்தின் எண்ணுக்கு முழுமையாகக் கீழ்ப்படிந்தபடியே அவர் திட்டத்தின் நோக்கத்திலிருந்து விலகிவிட்டார். உயர்மட்ட வீரர்களின் முப்பது நிமிட ஓட்டத்தில் கண்ட வீதத்தை ஆரையம்பதி ஆசிரியர் ஒருவரின் ஒரு மணிநேர இலகு ஓட்டத்துக்கு அப்படியே பொருத்தமுடியாது என்பது சரி. ஆனால் காற்றோட்டம் இல்லாத அறையில் உழக்குபவர் வெப்பத்தால் பாதிக்கப்படாமல் இருப்பார் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

காற்றோட்டத்தை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 22 வீதமே மிதிகட்டையைச் சென்றடைகிறது, மிகுதி வெப்பம். 140 வாற்று உழக்குபவர் ஏறத்தாழ 500 வாற்று வெப்பத்தை வெளியேற்றவேண்டும். வியர்வை ஒன்றாலேயே அதைச் செய்வதென்றால் மணிக்கு முக்கால் லீற்றர் வியர்வை உடலிலிருந்து ஆவியாகிப் போகவேண்டும். ஆவியாகாமல் தரையில் சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விக்காது. தெருவில் மணிக்கு 28 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவருக்குச் செக்கனுக்கு 8 மீற்றர் அளவில் காற்று தானாகக் கிடைக்கிறது. உப்புக்காற்று ஈரம் நிறைந்த கரையோர அறையில், கூரை மின்விசிறியின் கீழ், அந்தக் காற்றில் ஒரு சிறு பங்குகூட நெஞ்சில் படுவதில்லை.

இயந்திரமோ இதை அறியாது. குறித்த வாற்றில் கட்டிவைக்கும் முறையில், சுழற்சி குறைந்தால் எதிர்ப்பு கூடும். நிமிடத்துக்கு 90 சுற்றில் 200 வாற்று உழக்குபவரின் கால் தாங்கும் முறுக்கம் ஏறத்தாழ 21 நியூட்டன் மீற்றர். களைப்பில் சுழற்சி 60க்கு இறங்கினால் அதே 200 வாற்றுக்கு 32 வேண்டும். கால் மேலும் தளரும், எதிர்ப்பு மேலும் ஏறும், கடைசியில் சக்கரம் நின்றுவிடும். நான்கு தடவை செய்யவேண்டிய கடின ஓட்டத்தை இரண்டோடு நிறுத்தியவர் அன்றிரவு தன்னைத்தானே குறை சொல்லிக்கொள்கிறார். அடுத்த நாள் பயிற்சியையே விட்டுவிடுகிறார். இதை மனவுறுதிக் குறைவு என்று எழுதுவது அநியாயம்.

அப்படியானால் எல்லா விலகலும் மன்னிக்கத்தக்கதா? இல்லை. ஒரு விலகலை நான் கடுமையாகவே எடுத்துக்கொள்கிறேன். கார்ல் ஃபொஸ்டரும் சகாக்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வு பயிற்றுநர் நினைத்ததையும் வீரர்கள் செய்ததையும் ஒப்பிட்டது. இலகு என்று பயிற்றுநர் வைத்த நாள்களில் வீரர்கள் கூடுதலாக உழைத்தார்கள். கடினம் என்று வைத்த நாள்களில் குறைவாக உழைத்தார்கள். இரண்டும் நடுவிலே வந்து சேர்ந்தன. உடலை ஆறவிடவும் போதாத, உயர்த்தவும் போதாத ஒரு சமநிலத்தில் மாதக்கணக்காக ஓடுவது என்பது இதுதான். திரையில் வேறொருவரின் உருவம் முந்திச் செல்லும்போது இலகு நாளை மறந்து துரத்துவது இந்த வகையைச் சேர்ந்தது. தவறவிட்ட இரண்டு பயிற்சிகளை ஒரே நாளில் சேர்த்துச் செய்து கணக்கைச் சரிக்கட்டுவதும் அப்படியே. தவறிய பயிற்சி தவறியதாகவே இருக்கட்டும்; அதை ஈடுசெய்யப் போய் அடுத்த மூன்று நாள்களையும் கெடுத்துக்கொள்வதுதான் உண்மையான இழப்பு. பயிற்றுநர்கள் பெரும்பாலும் வராத நாளைத்தான் எண்ணுகிறார்கள். வந்த நாளில் அளவுக்கு மீறியதை எண்ணுவதில்லை.

வராத நாள்களுக்குப் பின்னால் நாட்காட்டி நிற்கிறது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊரில், அதன் நிறைவான குளிர்த்தி முடியும்வரை இரவுகள் கோயிலுக்கு உரியவை. நோன்பு மாதம் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால், காத்தான்குடி ஓட்டியின் பன்னிரண்டு வாரங்களில் பகல் பயிற்சி இயலாத நான்கு வாரம் எந்த ஆண்டிலும் ஒரே இடத்தில் விழாது. பெரும்போக அறுவடை நாள்களில் வாவிக்கு மேற்கே படுவான்கரைக் குடும்பத்தில் ஓய்வாக ஆள் கிடைக்காது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை போனது. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் உயர்ந்தன. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்ட நாள்களில் வேலைக்குச் சைக்கிளில் போனவர்கள் நாடெங்கும் பெருகினார்கள். அவர்கள் உழக்கிய கிலோமீற்றர்கள் எந்தச் செயலியிலும் பயிற்சியாகப் பதியப்படவில்லை.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன்: இடம், காலம், வெப்பம் என்று காரணம் அடுக்கினால் ஒழுங்கு என்பதே கரைந்துவிடாதா? மருத்துவத்தில் இதே கேள்வி எழுந்தது. நீண்டகால நோயாளிகளுள் வளர்ந்த நாடுகளில்கூடச் சராசரியாகப் பாதிப்பேரே சிகிச்சை முறையைச் சரியாகக் கடைப்பிடிக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் அறிக்கையிட்டது. பழி சுமத்துவதை விட்டு, முறையை நோயாளியின் வாழ்க்கைக்குப் பொருந்தச் செய்யுமாறு அதே அறிக்கை வற்புறுத்தியது. பாதிப்பேர் விலகும் இடத்தில் விலகியவர்களை மட்டும் ஆராய்வது அரைகுறை ஆய்வு. எழுதப்பட்ட முறையையும் விசாரிக்கவேண்டும்.

விசாரித்தால், இந்தப் பிரதேசத்துக்கு உள்ளகப் பயிற்சி ஒரு பருவத்தில் மிக நன்றாகப் பொருந்துவது தெரியும். ஆண்டு மழையின் பெரும்பகுதி கார்த்திகை முதல் தை வரை கொட்டுகிறது. 2011 ஜனவரியில் போல வெள்ளம் வாவியையும் வயலையும் ஒன்றாக்கும்போது தெருவில் சைக்கிளுக்கு வேலையில்லை. அதே மாதங்களில் பகல் உச்சம் 28 பாகையை ஒட்டி இறங்குகிறது. குளிர்நாட்டவர் பனிக்காக அறைக்குள் போகிறார்கள். நாம் மாரிக்காகப் போகலாம். கார்த்திகையில் தொடங்கிய பன்னிரண்டு வார அடித்தளம் தை கடைசியில் முடியும். அங்கிருந்து சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களின் சைக்கிள் ஓட்டம் வரை பத்து வாரம் அளவில் தெருவுக்கு உண்டு. கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை அறைப் பயிற்சியைக் கட்டாயமாக்குவதில் பொருளில்லை. விடியலில் கல்முனை வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் மேடின்றிக் கிடக்கும் தெருவும், 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் ‘பாதை’ எனப்படும் படகுக்குக் காத்திருக்காமலே கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்வரும் வழியும் இருக்கின்றன. இறக்கம் இல்லாத தரையில் கால் ஓய்வதில்லை. ஏற்றம் இல்லாத குறையை எதிர்க்காற்று நிரப்புகிறது. அப்பருவத்தில் அறையை விட்டுத் தெருவுக்குப் போனவரை விலகியவர் என்று பதிவது பிழை.

இப்படிப் பருவத்துக்கேற்பத் திட்டமிட, எல்லை வலுவை மாரியில் ஒருமுறை, கச்சானில் ஒருமுறை, ஓடப்போகும் இடத்திலேயே அளக்கவேண்டும். வெப்பமான நாளில் வாற்றைப் பார்க்காமல் இதயத்துடிப்பையும் மூச்சையும் பார்த்து இலகு நாளை நடத்தவேண்டும். வசனம் பேசிக்கொண்டு உழக்க முடிந்தால் அது இலகு. முடியாவிட்டால் எண் என்ன சொன்னாலும் அது இலகு அன்று.

மேலே காட்டிய அளவீடுகள் யாவும் வேறு நாட்டு உடல்களையும் வேறு நாட்டு அறைகளையும் கொண்டு எடுக்கப்பட்டவை. ஒரு வெப்பமானி, ஓர் ஈரப்பதமானி, வலு காட்டும் ஒரு பயிற்சி இயந்திரம், விருப்பமுள்ள இருபது ஓட்டிகள், ஒரு மாரி, ஒரு கச்சான்: நம்முடைய எண்ணை நாமே எடுக்க இவ்வளவு போதும். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் கற்பிப்போரும், பாடசாலைகளிலும் வெபர் மைதானத்திலும் பயிற்சி தரும் ஆசிரியர்களும் இந்த வேலையைச் சேர்ந்து தொடங்கவேண்டும் என்று வேண்டுகிறேன்.