அச்சமூட்டும் புதிர் விளையாட்டுகளைப் பிள்ளைகள் ஏன் விரும்புகிறார்கள்? – ஒரு வரலாற்றுப் பார்வை

இரவு உணவு முடிந்து வீடு அடங்கிய பிறகும் பிள்ளையின் அறையில் மட்டும் கணினித் திரையின் வெளிச்சம் தெரிகிறது. எட்டிப் பார்க்கிறோம். திரையில் ஆளரவமற்ற ஒரு விண்கலம், நீண்ட நடைவழி, எங்கோ இரும்பு உராயும் ஓசை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தோள்கள் குறுகிப்போய் அமர்ந்திருக்கும் பிள்ளை, ஒரு கதவின் பூட்டுக்குரிய எண்களைத் தாளில் குறித்துக்கொண்டிருக்கிறான். “இவ்வளவு பயமா இருந்தா அத அணைச்சுட வேண்டியதுதானே?” என்கிறார் உம்மா. “கொஞ்சம் இருங்க உம்மா, அங்க என்ன நடந்துச்சுன்னு தெரியணும்” என்பது பதில்.

நம்மில் பலர் இந்தக் காட்சியைக் கண்டிருப்போம். அந்தப் பதிலைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட்டும் இருப்போம். ஆனால் அறிவியல் புனைவும் திகிலும் புதிரும் கலந்த இவ்வகை விளையாட்டுகளின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், அந்தப் பிள்ளை சொன்ன பதிலே சரியான பதில் என்று தோன்றுகிறது. அச்சத்திற்காக மட்டும் யாரும் இவற்றின் முன் மணிக்கணக்கில் அமர்வதில்லை. ஆளற்றுப்போன ஓர் இடத்தில் முன்பு என்ன நடந்தது என்பதை அறியும் ஆவலே அவர்களைப் பிடித்து வைக்கிறது. இவ்விளையாட்டுகளை விளம்பரம் செய்வதோ கண்டனம் செய்வதோ நம் நோக்கமன்று. அவை எவ்வாறு உருவாயின என்று மட்டும் பார்ப்போம்.

இதன் தொடக்கத்தில் ஒரு தந்தை நிற்கிறார். அமெரிக்காவைச் சேர்ந்த வில் க்ரவுத்தர், இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பை உருவாக்கிய நிறுவனத்தில் நிரலாளராகப் பணிபுரிந்தவர். கென்டக்கி மாநிலத்தின் மேமத் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் எடுப்பதும் அவருக்குப் பழக்கம். மணமுறிவுக்குப் பின் தம் மகள்களைப் பிரிந்து வாழ நேர்ந்தது. அவர்கள் தம்மைக் காண வரும்போது விளையாடுவதற்காக, தாம் அறிந்த குகையை அப்படியே சொற்களில் வடித்து, 1976ஆம் ஆண்டளவில் ஒரு விளையாட்டை எழுதினார். அதில் படம் எதுவும் இல்லை. “வடக்கே செல்”, “விளக்கை எடு” என்பதுபோல் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், அடுத்து என்ன தென்படுகிறது என்பதைக் கணினி எழுத்தில் சொல்லும். அடுத்த ஆண்டு டான் உட்ஸ் என்ற மாணவர் அதை விரிவாக்கினார். கொலோசல் கேவ் அட்வென்ச்சர் என்று அறியப்படும் அவ்விளையாட்டின் பெயரிலிருந்தே ‘அட்வென்ச்சர்’ என்ற விளையாட்டு வகைக்கும் பெயர் வந்தது.

அந்தக் குகையில் விளக்கின்றி நடந்தால் பள்ளத்தில் விழுந்து உயிர் போகும். விளக்கின் மின்கலமும் என்றென்றும் நீடிக்காது. அச்சத்தின் விதை இங்கேயே விழுந்துவிட்டது என்று சொல்லலாம். அதைப் பார்த்து எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் சிலர் ஸோர்க் என்ற விளையாட்டை உருவாக்கினர். அதில் ஒரு வீட்டின் பரணும் உண்டு. பரணில் பள்ளம் எப்படி இருக்க முடியும்? ஆகவே பள்ளத்தை நீக்கிவிட்டு, இருட்டில் மட்டும் வாழும் ‘க்ரூ’ என்ற விலங்கைக் கொண்டுவந்தார்கள். அதை விளையாடுபவர் ஒருபோதும் காண்பதில்லை. இருளில் நின்றால் அது தின்றுவிடும் என்ற எச்சரிக்கையைத்தான் காண்பார். படமே இல்லாத காலத்தில், எழுத்தில்கூட முழுதாகத் தோன்றாத ஒரு விலங்கு இத்தனை பேரை அச்சுறுத்தியது வியப்புக்குரியதுதான்.

ஸோர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்த இன்ஃபோகாம் நிறுவனம் 1983இல் மைக்கேல் பெர்லின் எழுதிய சஸ்பெண்டட் என்ற விளையாட்டை வெளியிட்டது. அறிவியல் புனைவும் அச்சமும் புதிரும் ஒன்றாகக் கலந்த தொடக்ககால விளையாட்டுகளுள் இதற்கு நாம் தனி இடம் தருவோம். இதில் நீங்கள் ஒரு கோளின் நிலத்தடியில் உறைநிலையில் கிடத்தப்பட்ட மனிதர். அக்கோளின் வானிலை, போக்குவரத்து, உணவு உற்பத்தி ஆகியவற்றை இயக்கும் கணினிகள் நிலநடுக்கத்தில் பழுதாகின்றன. நீங்கள் அசைய முடியாது. ஆறு எந்திர மனிதர்களை ஏவித்தான் பழுதுபார்க்க வேண்டும். அவற்றுள் ஒன்றுக்குப் பார்வை மட்டும், மற்றொன்றுக்குச் செவி மட்டும் என்பதுபோல் திறன்கள் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரே அறையை ஒவ்வொன்றும் வேறுவேறாக விவரிக்கும். அவற்றை இணைத்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும். இதற்கிடையே தாமதமாகும் ஒவ்வொரு கணமும் மேலே மக்கள் மடிகிறார்கள். இறுதியில் மதிப்பெண் அந்த உயிரிழப்பைப் பொறுத்தே வழங்கப்படும். பேயும் இல்லை, பூதமும் இல்லை. நம் கவனக்குறைவால் யாரோ மடிகிறார்கள் என்ற எண்ணமே இங்கு அச்சமாகிறது.

1993ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டு செப்டம்பரில் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் உருவாக்கிய மிஸ்ட் வெளியானது. ஒரு தீவு, ஒரு நூலகம், எவரும் இல்லை. இரண்டு நூல்களுக்குள் அடைபட்ட இரு சகோதரர்கள் ஒருவரையொருவர் குற்றம் சாட்டுகிறார்கள்; யார் சொல்வது மெய் என்பதை அவர்கள் விட்டுச்சென்ற அறைகளைப் பார்த்தே நாம் ஊகிக்க வேண்டும். இவ்விளையாட்டில் யாரும் உங்களைத் துரத்துவதில்லை, சாவும் இல்லை. ஆயினும் அந்த அறைகளில் ஒன்றைத் திறந்து, அங்குள்ள பொருள்களைக் கண்டபின் முதுகு சில்லிட்டுப் போனதைப் பலர் நினைவுகூர்கிறார்கள். அறுபது இலட்சத்திற்கும் மேல் விற்ற மிஸ்ட், 2002இல் தி சிம்ஸ் முந்தும்வரை கணினி விளையாட்டுகளுள் மிக அதிகம் விற்றதாக விளங்கியது.

அதே 1993 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட் அவை, விளையாட்டுகளில் வன்முறை குறித்து விசாரணை நடத்தியது. அதன் விளைவாக மறு ஆண்டு, வயதுக்கேற்பத் தரம் குறிக்கும் ஈ.எஸ்.ஆர்.பி. அமைப்பு தோன்றியது. பெற்றோருக்கு அது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. உறையில் உள்ள அந்தக் குறியைப் பாராமல் எதையும் வாங்கித்தர வேண்டாம் என்றே நாமும் சொல்வோம். ஆனால் குருதியின் அளவைக் கொண்டு அச்சத்தை அளக்க முடியாது என்பதை, குருதி சிந்தாத மிஸ்ட் அதே ஆண்டில் காட்டிவிட்டது.

1994இல் வந்த சிஸ்டம் ஷாக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிட்டடெல் என்னும் விண்வெளி நிலையத்தை ஷோடன் என்ற செயற்கை அறிவு கைப்பற்றிக்கொள்கிறது, பணியாளர்கள் அழிந்துபோகிறார்கள், நீங்கள் தனியே கண் விழிக்கிறீர்கள். இதை உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் குழுவினருக்கு ஒரு சிக்கல் இருந்தது. அக்கால விளையாட்டுகளில் மனிதர்களுடன் உரையாடும் முறை செயற்கையாக இருந்தது. பட்டியலிலிருந்து ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்க, எதிரிலிருப்பவர் பொம்மையைப்போல் மறுமொழி சொல்வார். அதைச் சீர்செய்ய இயலாத நிலையில், உயிருடன் எவரையும் சந்திக்கவே முடியாதபடி கதையை அமைத்துவிட்டார்கள். மாண்டவர்கள் விட்டுச்சென்ற குரல் பதிவுகள் மட்டும் நடைவழிகளில் ஆங்காங்கே கிடக்கும். குழுவின் எழுத்தாளர் ஆஸ்டின் கிராஸ்மனுக்கு இந்த எண்ணத்தைத் தந்தது, இறந்தோர் தம் கல்லறையிலிருந்து பேசுவதாக எட்கர் லீ மாஸ்டர்ஸ் 1915இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பு.

ஒரு குறையை மறைக்கச் செய்த ஏற்பாடு இவ்வகை விளையாட்டுகளின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. ஒரு பதிவில் பொறியாளர் ஒருவர் கதவின் எண்ணைச் சொல்லுவார்; இன்னொன்றில் அவருடைய அச்சம் கேட்கும்; அடுத்த அறையில் அவர் உடல் கிடக்கும். எண் புதிரைத் திறக்கிறது. குரல் அந்த மனிதரை நமக்கு அறிமுகப்படுத்துகிறது. அவர் எவ்வாறு மாண்டார் என்பதை அறியாமல் அந்த இடத்தை விட்டு நகர மனம் வருவதில்லை. உம்மாவுக்குப் பிள்ளை சொன்ன பதில் இதுதான்.

1996இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம், ஷின்ஜி மிகாமியின் இயக்கத்தில் ரெசிடென்ட் ஈவிலை வெளியிட்டது. நோய்க்கிருமி ஆய்வால் விளைந்த கேடு என்பதால் இதுவும் அறிவியல் புனைவின் கிளையே. இது தந்த புதுமை தட்டுப்பாடு. தோட்டாக்கள் குறைவு. விளையாட்டை இடையில் சேமிக்கத் தட்டச்சுப் பொறியின் மை நாடா தேவை. அதுவும் சிலவே கிடைக்கும். வட்டிலிருந்து அடுத்த அறை ஏறுவதற்குச் சில நொடிகள் பிடிக்கும் என்பதால், அந்த இடைவெளியை மறைக்க ஒரு கதவு மெல்லத் திறக்கும் காட்சியை வைத்தார்கள். எந்திரத்தின் மெதுவான வேகமே அச்சத்தைப் பெருக்கியது! அப்பால் என்ன இருக்கிறதோ என்று கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நெஞ்சு அடித்துக்கொள்வதில் இன்பம் எங்கிருந்து வருகிறது? டென்மார்க் ஆய்வாளர்கள் இதை நேரடியாகவே அளந்து பார்த்தார்கள். கட்டணம் செலுத்தி மக்கள் செல்லும் ஒரு பேய் மாளிகைக்குள் 110 பேரை இதயத்துடிப்பை அளக்கும் கருவியுடன் அனுப்பினர். 2020இல் வெளிவந்த முடிவு இது: அச்சம் மிகக் குறைந்தாலும் இன்பம் இல்லை, மிகுந்தாலும் இல்லை, இடைப்பட்ட ஓர் அளவில்தான் மக்கள் அதை மிகவும் விரும்பினர். அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதையும் நாம் அனுபவத்தில் அறிவோம். அண்ணன் சிரித்தபடி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, இரவில் தனியே கழிவறைக்குப் போக மறுப்பதில்லையா?

2015இல் ஸ்வீடனின் ஃப்ரிக்ஷனல் கேம்ஸ் வெளியிட்ட சோமா இந்த வரிசையில் நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. (கதையைச் சொல்லாமல் இதைப் பேச இயலாது, விளையாட எண்ணியிருப்போர் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.)

டொரண்டோ நகரில் சைமன் என்பவர் மூளையைப் படமெடுக்க மருத்துவரிடம் அமர்கிறார். கண் விழிக்கும்போது, ஏறத்தாழ நூறாண்டு கடந்து, ஆழ்கடல் நிலையம் ஒன்றில் இருக்கிறார். மெல்ல மெல்லத் தெரிகிறது: உண்மையான சைமன் எப்போதோ இறந்துவிட்டார், இப்போது பேசுவது அவருடைய நினைவுகளின் படி. ஓரிடத்தில் இன்னும் ஆழத்திற்குச் செல்ல வேறோர் உடல் வேண்டியிருக்கிறது. நினைவுகள் புதிய உடலுக்குப் படியெடுக்கப்படுகின்றன. ஆனால் பழைய சைமன் மறையவில்லை. எதிரே நாற்காலியில் மயங்கிக் கிடக்கிறார். அவரை அப்படியே விட்டுச்செல்வதா, அவர் விழித்துத் தவிக்காதபடி இயக்கத்தை நிறுத்திவிடுவதா? விளையாடுபவரே முடிவு செய்ய வேண்டும். எதைத் தேர்ந்தாலும் பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. ரூஹ் என்பது நினைவுகளின் தொகுப்பன்று என்று நம்பும் குடும்பத்துப் பிள்ளை இந்த இடத்தில் திரையை நிறுத்திவிட்டு வாப்பாவிடம் ஏதேனும் கேட்டால், அக்கேள்விக்குச் செவிகொடுக்க வேண்டும்.

சோமாவில் அரக்கர்களும் உண்டு. ஒளிந்தும் ஓடியும் அவர்களிடமிருந்து தப்ப வேண்டும். வெளிவந்தபின் ஒரு ரசிகர், அரக்கர்கள் தாக்காதபடி ஒரு மாற்றத்தைச் செய்து வெளியிட்டார். கதைக்காக மட்டும் விளையாட விரும்பியோர் அதை நாடினர். 2017 டிசம்பரில் நிறுவனமே அத்தகைய ‘பாதுகாப்பு முறை’யை அதிகாரப்பூர்வமாகச் சேர்த்தது. அரக்கர்கள் உலவுவார்கள், ஆனால் உயிரைப் பறிக்கமாட்டார்கள். திகில் விளையாட்டிலிருந்து சாவின் அச்சத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று கேட்கலாம். கடலடி நிலையமும், அங்கிருந்தோர் விட்டுச்சென்ற குரல்களும், அந்த நாற்காலியும் மிஞ்சுகின்றன.

இந்த எண்ணமும் முற்றிலும் புதிதன்று. 1994இன் சிஸ்டம் ஷாக்கிலேயே சண்டை, புதிர், கதைப்பணி, கணினிவெளி என்ற நான்கிற்கும் தனித்தனியே 0 முதல் 3 வரை கடுமையை வைத்துக்கொள்ளலாம். சண்டையைக் குறைத்துப் புதிரைக் கூட்டலாம். புதிரைக் குறைத்துச் சண்டையைக் கூட்டலாம். தமக்கு எவ்வளவு அச்சம் வேண்டும் என்பதை விளையாடுபவரிடமே அன்றே விட்டுவிட்டார்கள். நைட்டைவ் நிறுவனம் 2023இல் அவ்விளையாட்டைப் புதிதாக உருவாக்கி வெளியிட்டது. காட்சிகள் யாவும் இக்காலத்திற்கேற்ப மாறிவிட்டன. நான்கு அளவுகோல்கள் இருக்கின்றன. நடைவழிகளில் அந்தக் குரல் பதிவுகளும் கிடக்கின்றன.