சூரியனும் கருங்கண்ணாடியும்

2010ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், நண்பகல் கடந்து சிறிது நேரத்தில், நெய்யாற்றின்கரையை அடுத்த காஞ்சிரங்குளத்தின் வானில் சூரியன் பொன்வளையமாகக் காட்சியளித்தது. திருவனந்தபுரம், நாகர்கோவில், இராமேசுவரம் ஆகிய ஊர்களிலும் அக்கங்கண கிரகணம் தெரிந்தது. முழுக் கிரகணத்தில் சூரிய வட்டம் அறவே மறையும் சில நிமிடங்கள் வெறுங்கண்ணால் நோக்கலாம். கங்கண கிரகணத்தில் அதற்கும் இடமில்லை. முதலிலிருந்து முடிவுவரை கண்ணுக்குக் காப்பு வேண்டும். தொலைநோக்கியில் பார்ப்பவர்க்கோ, அக்காப்பை எங்கே பொருத்துவது என்பது பார்வையையே பொறுத்த வினாவாகும்.

இப்பகுதிக்குத் தொலைநோக்கி புதிதன்று. சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் வானாராய்ச்சி நிலையத்தை நிறுவியது 1837இல். அதற்கு 37 ஆண்டுகள் முன்னரே, இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் நம் வினாவை எதிர்கொண்டார். இவர் இசைவாணராக வாழ்ந்தவர். ஓய்வு நேரத்தில் வானத்தை ஆராய்ந்து, 1781இல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டவர்.

சூரியனை நோக்க ஹெர்ஷல் பல நிறக் கண்ணாடிகளைப் பயன்படுத்தினார். சில கண்ணாடிகள் ஒளியைப் பெரிதும் தடுத்தும், கண்ணில் உஷ்ணம் உறைத்தது. வேறு சில மிகுந்த ஒளியை விட்டும், உஷ்ணம் அவ்வளவாகத் தோன்றவில்லை. இம்முரண்பாட்டின் காரணத்தைத் தேடிய அவர், 1800இல் முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் உஷ்ணமானியை வைத்து அளந்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஏதும் தெரியாத இடத்தில் உஷ்ணமானி மேலும் ஏறியது! இன்று நாம் அகச்சிவப்புக் கதிர் என்பது இதுவே. மறு ஆண்டில் அவர் நீர் கலந்து வடிகட்டிய மையின் ஊடாகவும் சூரியனைப் பார்த்தார். பிம்பம் பனிபோல் வெண்மையாகத் தெரிந்தது என்று எழுதினார்.

இருண்டு தோன்றுவதெல்லாம் காப்பன்று என்பதே இதன் பாடம். ஆயினும் பிற்காலத்தில் சிறு தொலைநோக்கிகள் பலவற்றோடு, கண்ணருகு வில்லையில் திருகிக்கொள்ளும் கருங்கண்ணாடியும் விற்கப்பட்டது. 6 சென்டிமீட்டர் அகலமுள்ள முன்வில்லை, 3 மில்லிமீட்டர் அகலமுள்ள கண்மணியைப்போல் 400 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. அவ்வளவு உஷ்ணமும் குவியும் இடத்திற்கு அருகிலேயே அக்கண்ணாடி நிற்கிறது. அது வெடித்தால் கண்ணை விலக்க அவகாசமில்லை. விழித்திரைக்கு வலி தெரியாது. ஆதலால் தீங்கு நேர்ந்த பின்னரே அது புலப்படும்.

இரவு வானத்தின் நிலை வேறு. முழுநிலவின் ஒளி சூரிய ஒளியில் ஏறக்குறைய நான்கு இலட்சத்தில் ஒரு பங்கே. ஆகவே நிலவின் கூச்சம் தணிக்கவும், செவ்வாயின் கரும்பகுதிகளைச் சிவப்புக் கண்ணாடியாலும் வியாழனின் பட்டைகளை நீலக் கண்ணாடியாலும் தெளிவாகக் காணவும், கண்ணருகு வில்லையில் அவற்றைப் பொருத்தலாம்.

சூரியனுக்கான தடுப்போ குழாயின் முன்வாயில் உறுதியாகப் பொருந்த வேண்டும். அதற்கென்றே செய்யப்பட்டு, ஒளியில் இலட்சத்தில் ஒரு பங்கை மட்டும் விடுவதாகவும், கீறலோ துளையோ அற்றதாகவும் இருத்தல் வேண்டும். 2031 மே 21இல் மற்றொரு கங்கண கிரகணம் கொச்சி, மதுரை வழியே செல்லும். காஞ்சிரங்குளத்தில் அது பகுதிக் கிரகணமாகத் தெரியும். அன்று தொலைநோக்கியை எடுப்போர், முதலில் அதன் முன்வாயை மூடிவிட்டுப் பின்னர் சூரியன்பால் திருப்புவாராக.