டிபி கணக்கு: ஒரு நோயாளி எந்த நிலையில் எத்தனை மாதம்?

தாராவி 90 அடி ரோட்டில் ஒருவருக்கு மூன்று வாரமாக இருமல் என்று வைத்துக்கொள்வோம். மெடிக்கலில் சிரப், பக்கத்து டாக்டரிடம் ஆன்டிபயாடிக். அப்புறம்தான் சளிப் பரிசோதனை: டிபி. ஆறு மாதம் மாத்திரை. மூன்றாவது மாதம் உடம்பு தேறியதும் திருநெல்வேலிக்கு ரயில் ஏறிவிடுகிறார். இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

புள்ளியியலில் இதற்குப் 'பல நிலை மாதிரி' என்று பெயர். கண்டறியப்படாத நோய், சிகிச்சை, குணம், மரணம் என நான்கு பெட்டிகள். ஒருவர் ஒரு பெட்டியில் எத்தனை நாள் இருக்கிறார், அடுத்து எங்கே போகிறார் என்பதுதான் கேள்வி.

ஆபத்து முதல் பெட்டியில். ஒரு பேச்சுக்கு, ஒரு பகுதியில் மாதம் 10 பேருக்குப் புதிதாக நோய் வருகிறது. சராசரியாக 4 மாதம் தெரியாமலே நடமாடுகிறார்கள். அப்படியென்றால் எந்த நாளில் பார்த்தாலும் 40 பேர் அந்தப் பெட்டியில் இருப்பார்கள். அந்தக் காலத்தை 2 மாதமாகக் குறைத்தால் 20 பேர். புது மருந்து எதுவும் இல்லாமலே பாதி!

சிகிச்சையே இல்லாவிட்டால்? பெங்களூரு தேசிய காசநோய் நிறுவனம் 1960களில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஐந்து ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தது. சளியில் கிருமி இருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்துபோனார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்குத் தானாகவே கிருமி மறைந்தது. சுமார் 18% பேரின் சளியில் ஐந்து ஆண்டு கழித்தும் கிருமி இருந்தது. இன்று இப்படியோர் ஆய்வுக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் தலையாட்டாது.

எளிமையான மார்க்கோவ் மாதிரிக்கு ஞாபகசக்தி கிடையாது. சிகிச்சையில் முதல் மாதம் இருப்பவரும் ஆறாவது மாதம் இருப்பவரும் அதற்கு ஒன்றுதான். நிஜத்தில் அப்படி இல்லையே! அதனால், உள்ளே வந்து எவ்வளவு நாளாச்சு என்பதையும் பார்க்கும் 'அரை மார்க்கோவ்' மாதிரி டிபிக்குப் பொருத்தம்.

சரி, ரயில் ஏறியவர்? மூன்று மாதம் வரை சிகிச்சையில் இருந்தார், அவ்வளவுதான் தெரியும். குணம் என்றும் எழுதக்கூடாது, தூக்கியும் போடக்கூடாது. இதுதான் 'சென்சாரிங்'. 1958-ல் வந்த கப்லான்-மேயர் முறை அவரை மூன்று மாதம் வரை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளும். சிக்கல் என்னன்னா, போனவர்களும் இருப்பவர்களும் ஒரே மாதிரி என்று அது நம்புகிறது. உடம்பு ரொம்ப மோசமானதால் ஊருக்குப் போனவர்கள் அதிகமென்றால், மும்பையின் குணமடைந்தோர் விகிதம் உள்ளதைவிட அழகாகத் தெரியும்.

ஊருக்குப் போவதானால் மருந்தை விட வேண்டியதில்லை. மையத்தில் சொன்னால், நிக்ஷய் எண்ணை வைத்து சிகிச்சையை திருநெல்வேலிக்கே மாற்றித் தருவார்கள்.