கடலில் எண்ணெய் கொட்டினால் முதலில் எந்தக் கரையைக் காப்பாத்தணும்? எண்ணூரும் 'உணர்திறன் வரைபடமும்'

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளம் வடியத் தொடங்கியபோது, எண்ணூர் கழிமுகத்தில் தண்ணீருக்கு மேல் தார் போல ஒரு படலம் மிதந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், கூழைக்கடா பறவைகளின் இறகு என எல்லாவற்றிலும் அதே கறுப்பு. மீனவர்கள் வெறும் மக்கை வைத்து எண்ணெயை அள்ளி வாளியில் ஊற்றிய வீடியோக்களை நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீங்க.

அதே எண்ணூரில், ஏறக்குறைய 7 ஆண்டுகளுக்கு முன்பும் வாளிதான். 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு சுமார் 2 கடல் மைல் தொலைவில் 'பிடபிள்யூ மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கொட்டிய எண்ணெய் எர்ணாவூர் கரையில் ஒதுங்கி, தெற்கே மெரினா வரை போனது.

இரண்டு முறையும் எழுந்த கேள்வி ஒன்றுதான். ஆட்களும் கருவிகளும் குறைவாக இருக்கும்போது முதலில் எங்கே ஓடுவது? இதற்கு முன்கூட்டியே பதில் எழுதி வைப்பதுதான் 'சுற்றுச்சூழல் உணர்திறன் வரைபடம்'.

இந்த வரைபடத்தில் என்ன இருக்கும்?

கடற்கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை எண் கொடுப்பார்கள். எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும். அலை ஓங்கி அடிக்கும் இயற்கையான பாறைக்கரைக்கு 1. அங்கே எண்ணெயை அலையே கழுவிவிடும். மணல் கடற்கரைக்கு 3 அல்லது 4. மேல் மணலைச் சுரண்டி எடுத்துவிட முடியும். சதுப்பு நிலத்துக்கும் அலையாத்திக் காட்டுக்கும் 10. அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு வெளியே நீட்டும் வேர்கள் வழியாகத்தான் மூச்சு விடுகின்றன. அதன்மேல் எண்ணெய் பூசினால் மரத்துக்கு மூச்சு முட்டும். உள்ளே இறங்கிச் சுத்தம் செய்யலாம் என்று போனால், மிதிபடும் சேற்றோடு எண்ணெய் இன்னும் ஆழமாகப் புதையும். பனாமாவில் 1986-ல் அலையாத்திக் காட்டுக்குள் புகுந்த எண்ணெய், பல ஆண்டுகள் கழித்தும் சேற்றிலிருந்து கசிந்துகொண்டே இருந்தது.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. கடல் அரிப்பைத் தடுக்க மனிதர்கள் கொண்டுவந்து கொட்டும் பாறாங்கற்களுக்கு எண் 1 கிடையாது, 6. காரணம் கற்களுக்கு நடுவே இருக்கும் சந்து. 2017-ல் எர்ணாவூர் பக்கம் பெரும் தலைவலி கொடுத்தது இதுதான். கற்களின் இடுக்கில் தேங்கிய எண்ணெய்க் கூழை இயந்திரத்தால் முழுசா உறிஞ்ச முடியவில்லை. கடைசியில் ஆட்கள்தான் இறங்கி அள்ளினார்கள்.

கரையின் வகை மட்டும் போதாது. ஆமை முட்டையிடும் மணல், பறவைகள் கூடும் திட்டு, இறால் குஞ்சு வளரும் ஓடை ஆகியவற்றையும் மாதம் வாரியாகக் குறிக்க வேண்டும். சென்னைக் கரைக்கு ஆலிவ் ரிட்லி ஆமைகள் ஜனவரியிலேயே வரத் தொடங்கிவிடும். ஆகஸ்டில் 'பரவாயில்லை' என்று விடக்கூடிய மணல், ஜனவரியில் அப்படி இல்லை. இதற்கு மேல் மனிதர்களின் பிழைப்பு: மீன் இறங்குதளம், வலை போடும் இடம், குடிநீர் ஆலை கடல்நீர் எடுக்கும் குழாய்.

ஏன் முன்கூட்டியே தயாரிக்கணும்?

1979-ல் மெக்சிகோ வளைகுடாவில் 'இக்ஸ்டாக் 1' எண்ணெய்க் கிணறு வெடித்தபோதுதான், அமெரிக்காவின் டெக்சாஸ் கரைக்காக இந்த முறை முதன்முதலில் களத்தில் பயன்பட்டது. எண்ணெய் அந்தக் கரையைத் தொட ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. வரைபடம் போட நேரம் இருந்தது. எண்ணூருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2 கடல் மைல் என்றால் நாலு கிலோமீட்டர்கூட கிடையாது.

எண்ணெய் எந்தப் பக்கம் நகரும் என்பதை ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், 'இன்காய்ஸ்', காற்றையும் நீரோட்டத்தையும் வைத்துக் கணித்துச் சொல்கிறது. ஆனால் அது 'எங்கே போகும்' என்பதற்கான பதில். 'அங்கே போனால் எவ்வளவு கெடும்' என்பதை உணர்திறன் வரைபடம்தான் சொல்லும். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான், 'பூம்' எனப்படும் மிதவைத் தடுப்பை எந்த வாயில் கட்டுவது என்று முடிவெடுக்கலாம். சில நேரம் முகத்துவாரத்தை அடைத்துவிட்டு, எண்ணெயை மணல் கரைக்கே ஒதுங்க விடுவார்கள். கேட்க கொடுமையாக இருக்கும். ஆனால் மணலைச் சுத்தம் செய்யலாம், கழிமுகத்தை முடியாது.

'சின்ன கசிவு' என்ற கணக்கு

இந்தியாவில் இதற்கென 'தேசிய எண்ணெய்க் கசிவு பேரிடர் திட்டம்' 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொறுப்பு இந்தியக் கடலோரக் காவல்படைக்கு. கசிவு 700 டன் வரை என்றால் முதல் நிலை, 10,000 டன் வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. டன் கணக்கில் பார்த்தால் 2017 விபத்து முதல் நிலையைத் தாண்டவில்லை. ஆனால் மீன்பாடு நின்றுபோன குப்பத்தில் போய் இதைச் சின்ன கசிவு என்று சொல்ல முடியுமா? எவ்வளவு கொட்டியது என்பதைவிட எங்கே கொட்டியது என்பதே பெரிது. டன் கணக்கு காட்டாத அந்த விவரத்தை இந்த வரைபடம் காட்டும்.

எண்ணெய் நிலத்திலிருந்து வந்தால்?

இங்கேதான் 2023 வேறுபடுகிறது. அந்த முறை எந்தக் கப்பலும் மோதவில்லை. மணலியில் உள்ள சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை வளாகத்தின் மழைநீரோடு எண்ணெய் வெளியேறியதாக, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. குழாயில் கசிவு இல்லை என்றது நிறுவனம். எப்படியிருந்தாலும் எண்ணெய் வந்த பாதை பக்கிங்காம் கால்வாய். அங்கிருந்து கழிமுகம், கொசஸ்தலை ஆறு, கடைசியாகத்தான் கடல். நொய்யலில் விட்ட சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் போய் நின்ற கதை தெரிந்த திருப்பூர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கடலிலிருந்துதான் எண்ணெய் வரும் என்று நினைத்துப் போடும் வரைபடம், முகத்துவாரத்தில் தடுப்பைக் கட்டச் சொல்லும். 2023-ல் அதைச் செய்தால் எண்ணெய் கழிமுகத்துக்கு உள்ளேயே சிறைபடும். அதாவது, எண் 10 இருக்கும் இடத்திலேயே. தடுப்பு தேவைப்பட்டது கால்வாய், கழிமுகத்தில் சேரும் வாயில். ஆகவே எண்ணூர் போன்ற இடங்களில் ஆலை வடிகால், கால்வாய் மதகு எல்லாம் வரைபடத்துக்குள் வந்தாக வேண்டும்.

பிழைப்பைக் குறிக்கும் அடுக்கும் அப்படித்தான். 2023 கசிவுக்குப் பின் தமிழக அரசு 2,301 குடும்பங்களுக்கு தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் சரிசெய்ய தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. படகை எண்ணுவது சுலபம். தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் எந்தத் திட்டில், எந்த மாதம் இறங்குகின்றன என்பது செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. அவர்களிடமே கேட்டு எழுத வேண்டும்.

கடலே இல்லாத திருப்பூருக்கு இதில் என்ன?

அனுப்பர்பாளையம் பக்கம் தைக்கும் பனியனும் டீ-சர்ட்டும் கன்டெய்னர் ஏறி தூத்துக்குடி துறைமுகத்துக்குத்தான் அதிகம் போகின்றன. எண்ணெய்க் கப்பல் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய 'எம்எஸ்சி எல்சா 3' ஒரு கன்டெய்னர் கப்பல்தான். அது ஓடுவதற்காக வைத்திருந்த ஃபர்னஸ் ஆயில் மட்டும் 367 டன். அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரி கரை வரை வந்து ஒதுங்கின.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வான் தீவு. அங்கிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகள், கடல்புல், கடல்பசு. இங்கே வரைபடம் இன்னொரு எச்சரிக்கையும் தர வேண்டும். எண்ணெயைச் சிதறடிக்கும் ரசாயனத்தைத் தெளித்தால் மேலே மிதப்பது மறைந்துவிடும். டிவியில் பார்க்கக் கடல் சுத்தமாகத் தெரியும். ஆனால் அது துளித்துளியாகப் பிரிந்து தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். ஆழம் குறைந்த பவளத்துக்கு மேலே இதைச் செய்யக் கூடாது.

கடலிலோ முகத்துவாரத்திலோ எண்ணெய்ப் படலத்தைப் பார்த்தால், கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. இடம், நேரம், காற்று அடிக்கும் திசை மூன்றையும் சொல்வது நல்லது. கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.