கெளுத்தி மீனும் கண்ணாடித் தொட்டியும்

நீரை ஓரிடத்தில் தேக்கி அதிலே மீன் வளர்க்கும் வழக்கம் மிகப் பழையது. சீனர் பொன்மீனை மண்சாடிகளில் வளர்த்தனர். உரோமச் செல்வர் தம் மாளிகைகளை அடுத்து மீன்குளங்களை அமைத்தனர். ஆனால், நீரை நாள்தோறும் மாற்றாமலே மீன் நெடுங்காலம் உயிர்வாழத்தக்க தொட்டி எத்தகையது என்பதை முறைப்படி ஆராய்ந்து எழுதிவைத்தோருள் முதன்மையானவர் றொபேட் வாறிங்ரன் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர். அவருடைய ஆராய்ச்சி 1850 இல் இலண்டன் இரசாயன சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. பன்னிரண்டு கலன், அதாவது ஏறக்குறைய 55 லீற்றர், நீர்கொள்ளும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்று. அதனுள்ளே இரண்டு சிறு பொன்மீன்கள், ஒரு நீர்ச்செடி, அழுகும் இலைகளைத் தின்னச் சில நத்தைகள். அவ்வளவே அவர் அமைத்த உலகம். இரண்டு சிறு மீன்களுக்கு அத்துணைப் பெரிய பாத்திரம் என்னும் அந்தத் தாராளத்தைப் பின்வந்தோர் பலர் மறந்துவிட்டனர்.

1853 இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் மீன்காட்சிக்கென ஒரு கூடம் திறக்கப்பட்டது. மறுவருடம் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் மீன்தொட்டியை இல்லந்தோறும் கொண்டுசென்றது. வாங்கியவர் பலர், தொட்டி நாறிப்போக, வெறுத்து வீசியவரும் பலர். நீரின் அளவுக்கு மிஞ்சிய உயிர்களை அடைத்ததே இதற்குப் பெருங்காரணம். இக்குறையைத் தீர்க்க நல்வழி கண்டவர் வில்லியம் அல்போட் லோயிட். 1871 இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் அவர் அமைத்த மீன்காட்சிச்சாலையில், பார்வையாளர் கண்ட தொட்டிகளிலிருந்த நீரைவிடப் பன்மடங்கு நீர், அடித்தளத்திலே இருண்ட தேக்கமொன்றில் மறைந்திருந்தது. பம்பிகள் அந்நீரை ஓயாது சுற்றிவரச் செய்தன. இன்று தொட்டியின் கீழ் வடிகட்டும் பெட்டி வைப்பவர் அனைவரும், அறிந்தோ அறியாமலோ, லோயிட்டின் மாணாக்கரே.

நீர் பழுதாவதன் காரணமும் பின்னர் தெளிவாயிற்று. மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அமோனியா நஞ்சாகும். அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும் நுண்ணுயிர்களை வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் 1890 இல் தனியே பிரித்து வளர்த்தார். ஆயினும், வீட்டில் மீன் வளர்ப்போர் இத்தகைய நுட்பங்களைத் தேடவில்லை. அவர்களிடையே ஓர் எளிய விதி பரவிற்று: மீனின் நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு கலன் நீர். விரலளவான சிறுமீன்களுக்கு இவ்விதி ஒருவாறு பொருந்தும். மீசை போன்ற உணர்கொம்புகளுடன் அடித்தளத்தில் இரைதேடும் பெருங் கெளுத்தியிடத்திலே அது முற்றாகப் பொய்த்துவிடுகிறது.

நேயர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். அமேசன் ஆற்றிலே செவ்வால் கெளுத்தி என்றொரு மீன் உண்டு. புளொக், சினைடர் ஆகிய அறிஞர்கள் 1801 இல் அதனை நூலிலே பதிந்தனர். அது நாலடிக்கு மேலும் நீளும். 40 கிலோகிராம் நிறையையும் தாண்டும். நாலடி என்பது 48 அங்குலம். விதிப்படி 48 கலன், ஏறக்குறைய 218 லீற்றர், அதற்குப் போதும். ஆனால் நீளம் 48 மடங்காகும்போது உடலின் பருமன் 48 மடங்கோடு நிற்பதில்லை. அகலமும் உயரமும் கூடவே பெருகுவதால் அது இலட்சம் மடங்குக்கும் மேலாகிறது. உண்ணும் இரையும் விடும் கழிவும் அந்தப் பருமனையே பெரிதும் பின்பற்றுகின்றன. நாலடித் தொட்டியிலே நாலடி மீன் மூக்கும் வாலும் கண்ணாடியில் முட்டக் கிடக்கும் காட்சியை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்தகைய மீன் வீட்டுக்குள் வந்த கதை விமானத்தின் கதையோடு பிணைந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர், ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பைகளில் வெப்பநாட்டு மீன்கள் கடல் கடந்து விரைவாகச் சென்றன. செவ்வால் கெளுத்தி விலைக்கு வரும்போது இரண்டு மூன்று அங்குலமே. நல்ல இரை பெற்றால் ஓராண்டுக்குள் ஓரடியை எட்டிவிடும். மீகொங் நதியின் பங்காசியஸ் கெளுத்தியோ 'சுறா' என்னும் பொய்ப்பெயருடன் விற்கப்படுகிறது. கூட்டமாக நெடுந்தூரம் நீந்தும் அந்த அச்சமிகுந்த மீன், வளர்ந்தால் நாலடியைத் தாண்டும். சிறு தொட்டியில் வெருண்டு கண்ணாடியில் மோதிக் காயமுறும்.

'தொட்டியின் அளவுக்கே மீன் வளரும்' என்று கடைகளிற் கூறப்படும் ஆறுதல் உண்மையன்று. அழுக்கு நீரிலும் நெருக்கத்திலும் வளர்ச்சி குன்றுவது உண்டு. அது நோயே அன்றி, இடத்துக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும் இயல்பு அன்று.

ஆகவே, தொட்டியைத் தெரிபவர் இரண்டு அளவுகளை வேறாகக் கொள்ளல் வேண்டும். ஒன்று நீரின் அளவு: அதனை லோயிட் செய்ததுபோலக் கீழே மறைத்தும் பெருக்கலாம். மற்றது உடல் திரும்புவதற்கான இடம்: இதற்கு எந்தப் பொறியும் ஈடாகாது. அடியில் வாழும் கெளுத்திக்கு உயரத்தினும் தரைப்பரப்பே முதன்மையானது. தொட்டியின் அகலம் முழு வளர்ச்சியடைந்த மீனின் நீளத்தினும் ஒன்றரை மடங்காயினும், நீளம் மும்மடங்காயினும் இருத்தல் நன்று. அவ்வாறாயின் செவ்வால் கெளுத்திக்கு 12 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம் வேண்டும். அதன் நீர் 6,100 லீற்றர். நீரின் நிறை மட்டுமே 6 தொன்னுக்கு மேல். மேல்மாடியில் வைக்கும் பொருளன்று இது. குளிர்நாட்டவர் அதனைச் சூடாக்கவும் வேண்டும். இலங்கையின் தாழ்நிலத்திலே சீமெந்துத் தடாகம் கட்டக்கூடியவருக்கு அச்செலவேனும் இல்லை.

இடம் போதாதபோது மீன் எங்கே செல்கிறது? பொது மீன்காட்சிச்சாலைகள் பல, இத்தகைய மீன்களை இனி ஏற்க இடமில்லை எனக் கைவிரித்துவிட்டன. எஞ்சுவன ஆறும் குளமுமே. தொட்டிச் சுவரின் பாசியைச் சுரண்டித் தின்பதற்கென வாங்கப்படும் தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி, ஒன்றரை அடிவரை வளரக்கூடியது. அலங்கார மீன்வளர்ப்பின் வழியே இலங்கைக்கு வந்த அது, இன்று கண்டியை அடுத்த பொல்கொல்லை நீர்த்தேக்கத்திலே பெருகி வாழ்கிறது. முட்டையிடுவதற்காகக் கரையைக் குடைந்து வளை தோண்டுகிறது. என்புத் தகடுகள் போர்த்த அதன் உடலும் முட்செட்டைகளும் வலையிற் சிக்கும்போது, மீனவர் வலையை அறுத்தே அதனை விடுவிக்க நேர்கிறது.