மரக்கால் தந்த மறுவாழ்வு

தோட்டத்தில் உழைக்கும் நமக்கு உடம்புதான் முதல். காலோ கையோ போய்விட்டால் பிழைப்பே போயிற்று என்று கலங்குகிறோம். அந்தக் கலக்கத்தை வென்ற ஒருவரின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

1861ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்து போன தென் மாநிலங்கள் ஒரு பக்கம். ஒன்றிய அரசு மறுபக்கம். வர்ஜீனியாவைச் சேர்ந்த 18 வயது மாணவர் ஜேம்ஸ் எட்வர்ட் ஹேங்கர் தென்படையில் சேர்ந்தார். அவர் நின்ற பக்கத்தை நாம் நியாயம் என்று சொல்லவில்லை. ஆனால், அவருக்கு நேர்ந்த துன்பம் எவருக்கும் நேரக்கூடியதே. படையில் சேர்ந்த ஓரிரு நாளில், ஜூன் 3ஆம் நாள், பிலிப்பி என்ற ஊரில் பீரங்கிக் குண்டு அவர் காலைச் சிதைத்தது. எதிர்ப்படை மருத்துவரே அந்தக் காலை வெட்டியெடுத்து உயிரைக் காப்பாற்றினார்.

அவருக்குக் கிடைத்த மரக்கால் வெறும் கட்டை, மடங்காது. வீடு திரும்பிய ஹேங்கர் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தார். மகன் மனமொடிந்து போனான் என்று வீட்டார் வருந்தினர். அவரோ பீப்பாய்ப் பலகைகளைச் செதுக்கிக்கொண்டிருந்தார்! சில மாதங்களுக்குப் பின், முழங்காலும் கணுக்காலும் மடங்கும் மரக்காலோடு படியிறங்கி வந்தார். குடல்நரம்புக்குப் பதிலாக ரப்பரைப் பொருத்தி அசைவைச் சீராக்கியதும் அவருடைய சிறப்பு. நம் கைபட்ட பொருளுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு, பாருங்கள்!

அவரைப் போல் காலிழந்த வீரர்கள் பல்லாயிரவர். வர்ஜீனிய அரசு அவர்களுக்குக் கால் செய்து தரும்படி அவரையே கேட்டது. சிறிய பட்டறை தொழிலாயிற்று. 1871இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். 1919இல் அவர் மறைந்தபோது லண்டனிலும் பாரிசிலும்கூடக் கிளைகள் இருந்தன.

திறமை மட்டுமா அவரை உயர்த்தியது? இல்லை. காலுக்கு விலை கொடுக்க அரசுகள் முன்வந்தன. ஒன்றிய அரசு 1862இலேயே தன் வீரர்களுக்குக் கால் ஒன்றுக்கு 75 டாலர் ஒதுக்கியது. முயற்சி ஒரு கால் என்றால், உதவி மறு கால்.

நமக்கும் அந்த உதவி உண்டு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சொக்சோவில் பதிந்த தொழிலாளி வேலை விபத்தில் உறுப்பை இழந்தால், செயற்கை உறுப்பும் மறுவாழ்வுப் பயிற்சியும் கேட்டுப் பெறலாம். அது பிச்சையன்று, நமக்காகக் கட்டிய பணத்தின் பயன். ஆகவே, அடிபட்டவரை மூலையில் உட்கார வைக்காதீர்கள். அவர் கைக்கு என்ன வேலை வரும் என்று கேளுங்கள்.